சுருக்கமாக எழுதச் சொன்ன மாப்பிள்ளைக்குப் பதினோரு பக்கம்

ராயக்கோட்டை,
துர்முகி வருஷம் ஐப்பசி 7, செவ்வாய்க்கிழமை.

பெங்களூரில் தொழிற்சாலை உத்தியோகத்தில் இருக்கும் மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை முனிவேல் அவர்களுக்கு மாமனார் கிருஷ்ணப்பன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் மாமியார் பூவம்மாள், உங்கள் சம்சாரம் ராஜாத்தி, ஐந்தாம் மாதம் நடக்கும் உங்கள் மகன், எருது இரண்டு, கறவை ஒன்று ஆகிய எல்லோரும் சௌக்கியம். கறவைக்கு மட்டும் இரண்டு நாளாக வயிறு சரியில்லை. அதன் காரணம் பின்னால் வரும். அங்கு உங்கள் உடம்பு, சாப்பாடு, தூக்கம், ஷிப்டு, குடியிருக்கும் வீட்டின் ஓடு, அடுத்த வீட்டுக்காரர் சுபாவம் ஆகியவற்றைப் பற்றி எழுதக் கோருகிறேன். இவை ஆறு விஷயங்கள். ஆறுக்கும் சேர்த்து 'நலம்' என்று ஒரே சொல்லில் பதில் போட வேண்டாம்.

போன மாதம் நீங்கள் எழுதிய அட்டை கிடைத்தது. 'மாமா, கடிதம் சுருக்கமாக எழுதவும். ஷிப்டு முடிந்து வந்து படிக்க முடியவில்லை' என்று எழுதியிருந்தீர்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளவில்லை என்பதை ஊரில் நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் முப்பத்தோரு வருஷம் கிராம முன்சீப்பாக இருந்து ரிப்போர்ட்டு எழுதியவன் என்ற முறையில் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சானமாவுக் காட்டு யானைகள் எங்கள் எல்லைக்குள் வந்த வருஷம் நான் அதைப் பற்றிப் பதினான்கு பக்கம் எழுதினேன். எது முன்னால் வந்தது, எது வேலியோரம் நின்று யோசித்தது, யார் கொல்லையில் கேழ்வரகு போனது, யார் கொல்லையில் அவரை போனது, காவலுக்கு இருந்தவன் பரணிலிருந்து எந்தப் பக்கமாகக் குதித்தான் என்பது வரைக்கும் அதில் இருந்தது. அப்போதிருந்த ஒரு தாசில்தார் என்னைக் கூப்பிட்டு, "ஏன் முன்சீப், யானை வந்தா யானை அளவுக்கா எழுதறது?" என்று கேட்டார். அடுத்த வருஷம் அதே யானைகள் வந்தன. நான் 'யானை வந்தது. கேழ்வரகு போனது' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். எத்தனை யானை, எந்த சர்வே நம்பர், ஆள் சேதம் உண்டா, போனது எந்தத் திசை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஏழு தபால் வந்தது. ஏழுக்கும் பதில் எழுதி முடித்தபோது மொத்தம் பதினாறு பக்கம் ஆகியிருந்தது. அதற்குள் யானைகள் மூன்றாவது வருஷத்துக்கும் வந்துவிட்டன.

இருந்தாலும் மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். உங்கள் தொழிற்சாலையில் யந்திரத்துக்கு மேலே 'தொடாதே' என்று ஒரே சொல்லில் பலகை மாட்டியிருப்பதாகவும், அதைப் படித்த பிறகு யாரும் யந்திரத்தில் கையைக் கொடுத்ததில்லை என்றும் குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று நீங்கள் வந்தபோது சொன்னீர்கள். அன்று நீங்கள் பேசியதே அவ்வளவுதான் என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே நானும் சுருக்கத்தைக் கைக்கொள்வது என்று தீர்மானித்தேன். ராஜாத்தியையும் குழந்தையையும் ஐப்பசி 15-ம் தேதி பெங்களூருக்கு அனுப்புவதாக நாள் பார்த்தாகிவிட்டது அல்லவா? பலகாரம் சுடுவதற்கும் குழந்தைக்குச் சுற்றிப் போடுவதற்கும் என் தங்கை வெங்கடம்மாளைக் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாரம் முன்னதாகவே வரச் சொல்லலாம் என்று ஒரு அட்டை எடுத்தேன். வழக்கமாக அவளுக்கு எட்டுப் பக்கம் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்புவேன். இந்தத் தடவை சௌக்கியம் விசாரிக்கவில்லை. மழை விசாரிக்கவில்லை. மஞ்சளும் ஒரு விதத்தில் அதிகப்படிதான் என்று அதையும் விட்டுவிட்டேன். 'புறப்பட்டு வரவும். ராஜாத்தி 15-ம் தேதி பெங்களூர் போகிறாள். கிருஷ்ணப்பன்.' இவ்வளவுதான் எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை காலை நான் வாசலில் பாதி முகத்தில் சோப்புடன் சவரம் செய்துகொண்டிருந்தேன். கிருஷ்ணகிரி பஸ் எங்கள் தெரு முனையில் எப்போதும் நிற்காது. அன்றைக்கு நின்றது. டிரைவர் கன்னடக்காரர், இறங்குகிறவர்களைப் பார்த்து "அய்யோ பாப" என்று தம் பாஷையில் இரக்கப்பட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்ததை நானே பார்த்தேன். பதினொரு பேர் இறங்கினார்கள். முன்னால் வெங்கடம்மாள் தலைமயிரை விரித்துப் போட்டு மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் மகன் சின்னராஜ் ஆள் உயரத்துக்கு ஒரு சாமந்தி மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். நான் கத்தியும் கையுமாக எழுந்து நின்றேன். மாப்பிள்ளை, உள்ளபடி சொல்கிறேன், யாரோ நம் ஆட்களில் போய்விட்டார்கள் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. நானும் அழுதேன்.

"அய்யோ எங்கண்ணா! ஒரு வார்த்த சொல்லாத போயிட்டியே!" என்று வந்தவள், வாசலில் என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள்.

"யாரும்மா போயிட்டாங்க?" என்று கேட்டேன்.

"நீதான்," என்றாள்.

அதன் பிறகு விசாரணை நடந்தது. அட்டையைப் படித்தவன் சின்னராஜ். வெங்கடம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அட்டையைத் திருப்பிப் பார்த்திருக்கிறான், மஞ்சள் இல்லை. 'புறப்பட்டு வரவும்' என்று இருந்திருக்கிறது. அவ்வளவுதான், சாவுச் சேதி வந்த கடிதாசியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதே என்று வாசலிலேயே நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டுத் தலைக்குக் குளித்திருக்கிறான்.

"அதுக்குக் கீழ ஒரு வரி இருந்துச்சேடா, அதப் படிக்கலையா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு மாமா. ஆனா கிழிச்சப்பறம்தான் இருக்கறது தெரிஞ்சுது. சாவுக் கடிதாசிய யாரு ஒட்ட வச்சுப் படிப்பாங்க?"

"என் கையெழுத்துதானடா கீழ போட்டிருந்தது. செத்தவனே எழுதுவானா?"

"கையெழுத்து உங்களுதுதான். ஆனா நீங்க எழுதினதா இருக்காதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. உசுரோட இருந்தா எங்கண்ணன் ஒரு வரியில நிறுத்தாதுன்னு சொன்னாங்க."

என் தங்கைக்கு நான் உயிரோடு இருப்பதில் சந்தோஷம்தான். ஆனால் அது வெளிப்பட மத்தியானம் ஆயிற்று. "தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டேன். பக்கத்து வூட்டுல அடுப்பு கூட பத்த வைக்கல. இப்ப போயி நான் என்னான்னு சொல்றது?" என்று என்னையே கேட்டாள். பூவம்மாள் பதினொரு பேருக்கும் களி கிண்டினாள். சாமந்தி மாலையை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. சாவுக்கு வாங்கியதைச் சாமிக்குப் போட முடியாது. ஆள் உயிரோடு இருக்கும்போது எனக்கும் போட முடியாது. கொட்டகையில் மாட்டிவைத்தோம். கறவை தின்றுவிட்டது. முன்னால் சொன்ன வயிற்றுக் கோளாறு இதுதான்.

இதுவரை நடந்ததெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. இனிமேல் எழுதுவதுதான் கடிதத்தின் விஷயம். அன்று சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ராஜாத்தி மட்டும் சிரிக்கவில்லை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு இருந்தவள் திடீரென்று, "நான் பெங்களூருக்குப் போகல" என்றாள்.

"என்னாடி சொல்றே?" என்றாள் பூவம்மாள்.

"அப்பா ஒரே ஒரு தடவ ஒரு வரி எழுதினாரு. பதினோரு பேரு மால வாங்கிக்கிட்டு வந்துட்டாங்க. அவரு அஞ்சு மாசமா எனக்கு ஒரு வரிதான் எழுதறாரு. நான் என்னான்னு நெனச்சுக்கறது?"

உள்ளே போய் உங்கள் அட்டைகளை எடுத்து வந்து எங்கள் முன்னால் போட்டாள். மூன்று இருந்தன. 'சேதி கிடைத்தது. சந்தோஷம்' என்று ஒன்று. 'நலம்' என்று ஒன்று. மூன்றாவதில் 'இங்கு மழை' என்று இருந்தது. அந்த மூன்றாவதை அவள் ஒரு வாரம் வைத்து வைத்துப் பார்த்தாளாம். அங்கே மழை பெய்தால் இங்கே என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. "ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் எழுதட்டும்ப்பா. எம்மேலயும் புள்ள மேலயும் ஆச இருக்குதுன்னு எனக்குத் தெரியற மாதிரி எழுதட்டும். அப்பறம் போறேன்" என்றாள். நான் திட்டிப் பார்த்தேன், பூவம்மாள் அழுது பார்த்தாள், வெங்கடம்மாள் இரண்டும் செய்து பார்த்தாள். பெண் அசையவில்லை. மறுநாள் வெங்கடம்மாளும் கூட வந்தவர்களும் பலகாரம் சுடாமலே ஊர் திரும்பிவிட்டார்கள். 15-ம் தேதி தவறினால் ஆறாவது மாதம் இரட்டைப்படை, அனுப்பக்கூடாது. ஏழாவது மாதம் மார்கழியில் வருகிறது, அதிலும் அனுப்பக்கூடாது. தையில் எட்டாவது மாதம், மறுபடியும் இரட்டைப்படை. அப்படியே மாசி வரைக்கும் போய்விடும். மாசி வரைக்கும் ஒரு பெண் அப்பன் வீட்டிலேயே இருந்தால், ஊரில் அவளைப் பற்றி ஒரு வரியில் பேச மாட்டார்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், உடனே அவளுக்கு ஒரு பக்கம் எழுதவும். எழுதத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டாம், வழி நான் சொல்கிறேன். காலையில் எழுந்தது முதல் தொடங்கவும். பல் விளக்கியது, காபி குடித்தது, அது நன்றாக இல்லாதது, நன்றாக இல்லாததற்கு அவள் அங்கு இல்லாததே காரணம் என்பது, இவ்வளவிலேயே கால் பக்கம் வந்துவிடும். தொழிற்சாலைக்குப் போகும் வழியில் யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் அதை எழுதவும். யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை என்றாலும் எழுதவும். நீண்ட கடிதம் என்பது சேதிக்காக எழுதுவது அல்ல. எழுதுகிறவன் வந்து நம் கூடவே அரை நாள் உட்கார்ந்துவிட்டுப் போவதற்குச் சமானம் அது. எத்தனை வரி இருக்கிறதோ அத்தனை நேரம் நம்மை நினைத்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான் என்பதுதான் படிக்கிறவளுக்கு வேண்டும். எனக்குத் தெரிந்தவரை பிரியத்தைச் சுருக்கிச் சொல்ல வழி கிடையாது. உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நமக்குள் பேச்சே அதிகம் இல்லை என்பதால் இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது.

உங்களுக்கு ஆயுளும் ஆரோக்கியமும் பெருகி, வேலையில் மேலே வந்து, மேலும் பிள்ளைகளைப் பெற்று, அவர்களிடம் வாய்விட்டுப் பேசிக்கொண்டு நீங்கள் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று நானும் பூவம்மாளும் வேண்டிக்கொள்கிறோம். உடன் வேலை பார்க்கிறவர்களுக்கும், அடுத்த வீட்டுக்காரருக்கும் எங்கள் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
மு. கிருஷ்ணப்பன்,
கிராம முன்சீப் (ஓய்வு).

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். கவரை ஒட்டப்போகும் நேரத்தில் தபால்காரர் கோவிந்தன் ராஜாத்தி பெயருக்கு உங்கள் அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். வாசலிலேயே நின்று படித்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பயந்துபோய் வாங்கிப் பார்த்தேன். 'தொட்டில் கட்டினேன். பன்னிரண்டு படி கேழ்வரகை மூட்டையாகக் கட்டிப் போட்டு மூன்று நாளாக ஆட்டிப் பார்க்கிறேன். தாங்குகிறது' என்று எழுதியிருந்தீர்கள். நலம் விசாரிக்கவில்லை, கையெழுத்துக் கூடப் போட மறந்திருந்தீர்கள். அதில் எங்கே ஒரு வரி சேர்க்கலாம் என்று நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பெண்ணை அனுப்பக்கூடாது என்று பூவம்மாள் சொன்னாள், 15-ம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்றாள், பலகாரம் சுடவில்லை என்றாள். ராஜாத்தி எதையும் காதில் வாங்காமல் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வேறு வழியில்லாமல் பூவம்மாளும் கூடப் போகிறாள். பத்து மணி ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இந்தக் கடிதம் உங்களிடம் வரும் முன்பே அவர்கள் வந்திருப்பார்கள். பதினோரு பக்கத்தைக் கிழிக்க மனம் வராமல்தான் அனுப்புகிறேன். வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது, மாப்பிள்ளை. பேரன் அந்தத் தொட்டிலில் தூங்கினானா என்று எழுதவும். ஒரு வரி போதும்.