பிரோக்கன் வள்ளம்

புயலடித்து ஓய்ந்த வருஷம், அரசாங்கம் கருணை கூர்ந்து, 'பிரோக்கன்' ஆன, அதாவது உடைந்துபோன, வள்ளங்களுக்குப் புதுப்பலகை இலவசமாக வழங்க உத்தரவு பிறப்பித்தது. காரங்காட்டுச் சூசைமுத்துவின் வள்ளத்தில் அடிப்பலகை முழ நீளத்துக்கு விரிசல் விட்டுக் கிடந்தது. பலகை வராவிட்டால் கடலுக்குப் போக வழியில்லை. வீட்டில் உலை வைக்கவும் வழியில்லை.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் குருநாதன் வந்தார். நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் ஆபீஸில் கால் ஆடும் நாற்காலி பிரோக்கன், மை காய்ந்த பேனா பிரோக்கன், லீவு போட்ட பியூன்கூட பிரோக்கன்தான். ஆனால் வள்ளத்தைச் சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது பிரோக்கன் இல்லப்பா. வெறும் விரிசல்."

"தண்ணி உள்ள வருதுங்கய்யா!"

"வரட்டும். ரெண்டு துண்டா கெடந்தாத்தான் எழுதுவேன். அடுத்த வாரம் வாரேன்."

சூசைமுத்து வீட்டுக்குப் போய்ப் புலம்பினான். பெண்டாட்டி லீமாரோஸ் அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "கோடாலி இருக்குல்ல?"

அழுதுகொண்டே வள்ளத்தை ரெண்டாக வெட்டினான், பாவம். வேடிக்கை பார்த்த ஊருக்குப் பொறுக்கவில்லை. இவனுக்கு மட்டும் புதுப்பலகையா? காரங்காட்டில் ஒருத்தன் தனியாக ஆதாயம் பார்ப்பது ஊர்க்கட்டுப்பாட்டுக்கு விரோதம். கோயில் மணியடித்துக் கூட்டம் போட்டார்கள். கீறல்கூட இல்லாத மற்ற பதினொரு வள்ளங்களும் சாயங்காலத்துக்குள் ரெண்டு ரெண்டாயின. பக்கத்து வீட்டுச் சவேரியார் மட்டும் ஆசை மிகுதியில் தன் வள்ளத்தை நாலாகப் பிளந்துவிட்டார்.

சொன்ன நாளில் குருநாதன் வந்தார். கரையைப் பார்த்தார்.

"இங்கன வள்ளமெல்லாம் எங்கப்பா?"

"இந்தா கெடக்குல்ல! எல்லாமே பிரோக்கனுங்கய்யா!" என்றான் சூசைமுத்து, பல்லெல்லாம் தெரிய.

"இது விறகுல்ல? வள்ளம்னு ஒண்ணு இருந்தாத்தானே பிரோக்கனா இல்லையான்னு பாக்க முடியும்?"

அங்கேயே உட்கார்ந்து, மடியில் ஃபைலை வைத்து எழுதினார்: 'மேற்படி கிராமத்தில் வள்ளம் ஏதும் இல்லாமையால், உடைந்த வள்ளமும் இல்லை.'

குருநாதன் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார். "சரி, வந்தது வந்துட்டேன். வீட்டுக்கு நாலு நல்ல மீனாப் பாத்துக் கட்டிக்குடுங்கப்பா."

லீமாரோஸ் வள்ளத்துண்டு ஒன்றைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"மீனு கடலுக்குள்ள இருக்குங்கய்யா. நீங்க இத வச்சு அடுப்பப் பத்தவையுங்க. நாங்க நீந்திப் போயிப் புடிச்சிட்டு வாரோம்."