உலகமெங்கும் அண்ணன்

திண்டுக்கல்லில் தன் பாட்டைத் தானே திருட்டுக் கேஸில் மாட்டிவிட்ட ஒரே பாடகர் உலகமெங்கும் அண்ணன்தான். வேறு ஊரிலும் அப்படி ஒருவர் இருந்தால் அந்த ஊருக்கு என் அனுதாபம்.

அண்ணனுக்கு மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. ஓடும் மிக்ஸிக்கு மேலே பாடிப் பழகியதால் மெதுவாகப் பாட வராது. சொந்தமாக எழுதுவார், மெட்டுப் போடுவார், யாரும் கேட்காமலே பாடுவார். “வெள்ளிக்கிழமை உலகமெங்கும் ரிலீஸ்ப்பா” என்று சொல்லிச் சொல்லி, பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது.

ரிலீஸ் என்றதும் தியேட்டரை நினைக்காதீர்கள். செல்போனில் பாட்டுக் கேட்கும் ஆப்கள், தனி ஆள் நேரே போய் நீட்டினால் வாங்காது. நடுவில் ஒரு விநியோகக் கம்பெனி உண்டு. வருடச் சந்தா கட்டி, பாட்டையும் சதுரமாக ஓர் அட்டைப் படத்தையும் ஏற்றினால், அது எல்லா ஆப்புக்கும் அனுப்பிவைக்கும். சந்தா நின்றால் பாட்டும் காணாமல் போகும். வாடகை வீடுதான்.

அந்த அட்டைப் படத்தை நான்தான் செய்து தொலைத்தேன். கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். நடுவில் கும்பிட்டபடி அண்ணன். மேலே வட்டம் வட்டமாக மாமா, மச்சான், கவுன்சிலர். கீழே ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’, கடை போன் நம்பர், ‘ஜார் பிளேடு மாற்றித் தரப்படும்’. விளம்பரமும் போன் நம்பரும் கூடாது என்று கம்பெனி திருப்பி அனுப்பியது.

“நம்பரு இல்லாம எப்பிடிய்யா கூப்புடுவான்?”

“யாருண்ணே?”

“பாட்டு புடிச்சவன்.”

“அவன் எதுக்குக் கூப்புடணும்? கேட்டுட்டுப் போகட்டும்.”

“கேட்டுட்டு சும்மா போறவன் என்ன மனுசன்?”

கடைசியில் நம்பர், விளம்பரத்தோடு மச்சான் முகத்தையும் எடுத்த பிறகுதான் படம் தேறியது. மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார்.

பாட்டை ஏற்றும் அதே பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. உன் பாட்டை யாராவது வீடியோவில் போட்டால் கண்டுபிடித்துத் தடுக்கட்டுமா என்று கேட்டது. யோசித்துப் போடுங்கள் என்றேன். ஒரு பயலையும் திருட விடமாட்டேன் என்று டிக் அடித்தார். திருட ஆள் வரிசையில் நின்றது பாருங்கள்.

அப்புறம்தான் ரெட்டியார்சத்திரத்தில் அந்தக் கல்யாணம். பெண்ணின் தம்பி குவைத்தில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. அவன் பார்ப்பதற்காகவே நேரலை போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கேமராவை மாட்டுவதற்குள் பெண்ணின் அம்மா பத்து தடவை கேட்டுவிட்டது: “ஏப்பா, தாலி கட்டுறத எம்மவன் பாத்துருவான்ல?” பார்ப்பான் என்றேன், குவைத் வரைக்கும் நானே வயர் இழுத்தவன் மாதிரி.

உலகமெங்கும் அண்ணன் அந்த வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம். மைக்கை யாரும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டார். தான் ரிலீஸ் செய்த கல்யாணப் பாட்டையே ஸ்பீக்கரில் ஓடவிட்டுக் கூடவே பாடினார். இரண்டாம் சரணத்தில் நேரலை நின்றது. பாட்டின் உரிமையாளர் தடுத்துவிட்டார் என்று திரையில் வந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்துக் கொதித்தார். “ஏலே, எவன்டா அந்த உரிமையாளரு? கூப்புடு அவன.”

“நீங்கதாண்ணே.”

“நானா?”

“கட்டத்துல டிக் அடிச்சீங்கள்ல.”

மைக்கைக் கீழே வைத்தார். தடையை எடுக்கச் சொல்லிக் கம்பெனிக்கு மெயில் போட்டோம். வேலை நாளில் கவனிப்பதாக உடனே பதில் வந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. என் சேனலில் மறுபடி நேரலை போடவும் விடவில்லை. கெட்டிமேளத்துக்குச் செத்த நேரம்தான் இருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தது. நான் என் ட்ரைபாடைப் பார்த்தேன்.

அண்ணன், அந்தக் குவைத் பையனின் நம்பரை வாங்கித் தன் போனில் வீடியோ கால் போட்டார். மணமேடைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி, போனைத் தூக்கிப் பிடித்தார். தாலி, மாலை, மெட்டி, ஆசீர்வாதம் எல்லாம் முடிகிற வரைக்கும் இறங்கவில்லை. வாயைத் திறக்கவில்லை. கை சோர்ந்தபோது இன்னொரு கையால் முட்டுக் கொடுத்தார். பையன் அழுதது முன்வரிசைக்குக் கேட்டது. அந்த அம்மா போனிடம் போய், “பாத்தியா அப்பு?” என்றது.

வீடியோவை முடித்துக் கொடுக்க உட்கார்ந்தால், முக்கியமான காட்சி எல்லாவற்றிலும் குறுக்கே கிரீஸ் படிந்த ஒரு கை. வெட்டி எறிய எனக்கு ஒரு மணி நேரம் ஆகாது.

வெட்டவில்லை.