படங்குக்குள் நடந்த கரோல் பதிவு

கதைத்துக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்த்து, 'கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கோ' என்று சொல்லும் தைரியம் எனக்கு இந்த வயதிலும் வரவில்லை. கடலில் காற்று மாறினால் பயப்படாதவன், கரையில் நாலு மாமிமாரைக் கண்டால் பாதையை மாற்றிக்கொள்வேன். இந்தக் குணத்தால் எனக்குப் பெரிய நட்டம் எதுவும் வந்ததில்லை. ஒரே ஒரு தடவை, ஒரு மார்கழி மழையில், என் அக்காவின் குடும்பத்தையே கவிழ்த்துவிட்டேன் என்று இரண்டு மாதம் நித்திரையில்லாமல் கிடந்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மன்னார்த் தீவில் தாழ்வுபாடு என்ற கடற்கரை ஊரில் பிலோமினா அக்காவின் வீட்டில் இருந்துகொண்டு கடலுக்குப் போய்வந்தேன். அக்காவின் கணவர் சவிரியான் அத்தான் சவூதிக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் ஊரில் விட்டுவிட்டுப் போனவை மூன்று: என் அக்கா, மகள் ஜெசிந்தா, ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள். எதில் அவருக்குப் பாசம் அதிகம் என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு இருந்தது. மோட்டார் சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் பூசி, பச்சைப் படங்கு ஒன்றால் (மழைக்கு மூடுகிற தார்ப்பாய்தான்) சுற்றி, கயிறு போட்டு இறுக்கி, "நான் வருமட்டும் ஒருத்தரும் இதில கை வைக்கப்படாது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். அக்காவிடம் தனியாக என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவளைக் கயிறு போட்டுக் கட்டவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஆறு மாதம் போனதும் அக்கா அந்தக் கயிற்றை அவிழ்த்தாள். நண்டையும் இறாலையும் தானே மன்னார்ச் சந்தைக்குக் கொண்டுபோவதென்று தீர்மானித்துவிட்டாள். ஓட்டப் பழக்கியவன் நான். (பழக்கியது என்றால், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியது. அந்த மாதம் நான் மெலிந்த மாதிரி அதற்குப் பிறகு மெலியவில்லை.) எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் போனால், தெருவில் படுத்திருக்கும் கழுதைகூட எழும்பி நின்று பார்க்கும். அத்தான் ஒவ்வொரு கடிதத்திலும், "மோட்டச்சைக்கிள் எப்பிடி?" என்று கேட்பார். அக்கா ஒவ்வொரு பதிலிலும், "கட்டினபடி கிடக்கு" என்று எழுதுவாள்.

அந்த வருடம் கரோல் விழாவில் ஜெசிந்தா தனியாக ஒரு பாட்டுப் பாடப்போகிறாள் என்று அத்தானுக்குச் செய்தி போனது. சவூதியிலிருந்து விடுமுறையில் வந்த பெனடிற் அண்ணனிடம் அத்தான் பதிகிற ரேடியோ ஒன்றும் வெறும் நாடாக் கசெற்றுகளும் எனக்கு ஒரு கடிதமும் கொடுத்தனுப்பியிருந்தார். "சகாயா, மகளின்ர குரல் கேட்டு ரெண்டு வருசம். அவள் பாடுறதைப் பதிஞ்சு பெனடிற் திரும்பி வரேக்க குடுத்துவிடு. பிழை விட்டியெண்டால், வந்து உன்னைக் கருவாடாக் காயப்போடுவன்." வீட்டில் ரெலிபோன் இல்லாத காலம். அந்தக் கசெற்றை விட்டால் அவருக்கு அந்தக் குரல் இல்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். ரேடியோவில் இருந்த ஆங்கில எழுத்தெல்லாம் எனக்கு நண்டு ஊர்ந்த தடம் மாதிரி. சிவப்புப் பொத்தானையும் அதற்குப் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமத்தினால் பதியும் என்று பெனடிற் அண்ணன் காட்டித் தந்தார். மீதியை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். ரேடியோவின் முகத்தில் சின்னச் சின்ன ஓட்டைகளோடு ஒரு மைக் இருந்தது. ரோர்ச் லைற்றை எந்தப் பக்கம் பிடிக்கிறோமோ அந்தப் பக்கம்தானே வெளிச்சம் விழும்? மைக்கும் அப்படித்தான், முன்னுக்கு நடப்பதைக் கேட்கும், பின்னுக்கு நடப்பதைக் கேட்காது. இவ்வளவு பெரிய உண்மையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் யாரிடமும் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வெட்கத்தில் கேட்டிருக்க மாட்டேன்.

கோயில் கூரை திருத்த வேலையில் இருந்ததால் கரோல் விழா கோயில் வளவில், வெட்டவெளியில். பின்நேரம் நாலு மணி. பாடுகிறவர்கள் நிற்கும் மேடைக்கு மட்டும் தென்னோலைக் கிடுகுக் கூரை போட்டிருந்தார்கள். சனங்களுக்கு வானம்தான் கூரை. கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பங்குச் சுவாமி அண்ணாந்து பார்த்துவிட்டு, "பெய்யாது" என்றார். (சுவாமி வெளியூர். எங்கள் மார்கழியை அவருக்கு இன்னும் பழக்கமில்லை.)

நான் சும்மா விடுவேனா? வீட்டில் ஓட்டையில்லாத படங்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மோட்டார் சைக்கிளின் படங்கு. அதைக் கொண்டுபோய் வளவு ஓரத்தில் இரண்டு பனைக்கும் ஒரு கம்புக்கும் இழுத்துக் கட்டினேன். அதன் கீழ் ஒரு கதிரை, கதிரையில் ரேடியோ, அதன் முகம் மேடையைப் பார்த்து. முதல் பாட்டுத் தொடங்கியதும் இரண்டு பொத்தானையும் அமத்தினேன். உள்ளே நாடா சுற்றியது. அந்த ஐந்து நிமிடம் நான் ஒரு பெரிய ஆள்.

ஆறாவது நிமிடம் மழை கொட்டியது. சனம் நாலா பக்கமும் ஓடியது. மேடையில் நின்றவர்கள் நனையவில்லையாதலால் பாட்டு மாஸ்ரர் நிறுத்தவில்லை, இன்னும் பலமாகக் கையை ஆட்டினார். நானும் நிறுத்தவில்லை. அப்போதுதான் ஒரு குரல் கேட்டது.

"இஞ்ச பாருங்கோ பிள்ளையள், சகாயன் எங்களுக்கெண்டே படங்கு கட்டி வைச்சிருக்கிறான்!"

திரேசம்மா மாமி. மாமி கரையில் நின்று கூப்பிட்டால் நடுக்கடலில் வலை இழுக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். மாமிக்குப் பின்னால் அயல்வீட்டு றோசலின் அக்கா, அவளுடைய தங்கச்சி, கடைசியாக என் அக்கா. சந்தையிலிருந்து நேரே வந்து நின்றாள்.

"மாமி... பதியிறன்..." என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"ஓம் ராசா, நீ பதி. நாங்கள் ஒரு கரைச்சலும் தரமாட்டம்" என்று சொல்லிவிட்டு, மாமி ரேடியோவுக்குப் பின்னால் வசதியாக நின்றுகொண்டு தொடங்கினா.

"பாட்டு மாஸ்ரருக்கு என்ன, தொண்டைக்குள்ள மீன்முள்ளே?"

"சளி மாமி. நேற்று முழுக்க இருமினவர்."

"அப்ப வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டலாமெல்லோ."

நாலு பெண்களுக்கு நடுவில் நிற்க வெட்கமாக இருந்தது. ஒரு அடி பின்னால் வைத்தேன். அவர்கள் ஒரு அடி உள்ளே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் படங்குக்குள் அவர்களும் ரேடியோவும். வெளியே மழையில் நான்.

"பிலோமினா, நீ சந்தையால எப்பிடி இவ்வளவு கெதியா வந்தனீ?" என்றாள் றோசலின் அக்கா.

"மோட்டச்சைக்கிள்ளதான்."

"அவர் சுத்திக் கட்டின படங்கு எங்க?"

"தலைக்கு மேல பாருங்கோ."

நாலு பேரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பில் றோசலின் அக்காவின் குடைக்கம்பி படங்கில் குத்த, அதில் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் என் தலையில் கொட்டியது.

"விழுந்தெழும்பினதையும் சொல்லன்" என்றாள் தங்கச்சி.

"ரெண்டு தரம். ஒருக்கா திரேசம்மா மாமியின்ர கருவாட்டுப் பாய்க்கு மேல."

"அது நீயே? நான் நாயெண்டு நினைச்சு மூண்டு நாள் அந்த நாயை ஏசினனான்!"

"முன் விளக்கும் உடைஞ்சு போச்சு மாமி."

"சவிரியான் அறிஞ்சால்?"

"கடலை நீந்தியெண்டாலும் வந்து சேருவார். என்னைப் பாக்க இல்லை, அதைப் பாக்க."

"ஆர் உனக்குப் பழக்கினது?"

"உதில நனைஞ்சுகொண்டு நிக்குது பாருங்கோ, அதுதான்."

இவ்வளவும் கேட்டும் எனக்கு ஒரு துளி கவலை இல்லை. அவர்கள் நிற்பது மைக்குக்குப் பின்னால் அல்லவா?

ஜெசிந்தாவின் முறை வந்தது. வெள்ளைச் சட்டையோடு முன்னுக்கு வந்து, வாயைத் திறந்து முதல் வரியைத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து, மழைக்கு ஒதுங்க இடம் தேடி வந்த ஒரு கழுதை தலையைப் படங்குக்குள் நீட்டியது. எங்கள் தீவில் கழுதைக்கு யாரும் இடம் மறுப்பதில்லை, ஆனால் மாமி மறுத்தா. "சூ! சூ! போ அங்கால!" என்று முகத்தில் ஒன்று போட்டா. கழுதை நின்ற இடத்திலேயே தலையைத் தூக்கிக் கத்தத் தொடங்கியது. கழுதைக்குப் பாட்டு முடிகிற வரை மூச்சு இருந்தது. நான் அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு வளவுக்கு வெளியே போய்விட்டு வர, இரண்டு பாட்டு ஓடிவிட்டது. திரும்பி வந்தபோது அக்காவும் றோசலின் அக்காவும் மட்டும் படங்குக்குள் மெதுவாக ஏதோ கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

விழா முடிய, பெனடிற் அண்ணனின் வான் வண்டி கோயில் வாசலில் நின்றது. அவருக்கு ஆறு மணிக்குக் கொழும்பு பஸ். கசெற்றைத் துடைத்து, பொலித்தீனில் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தேன்.

"நல்லாப் பதிஞ்சதோ?"

"ஓம் அண்ணை. மைக்கை மேடைப் பக்கம்தான் வைச்சனான்."

மறுநாள் காலை ஜெசிந்தா வேறு ஒரு கசெற்றைப் போட்டு, ரேடியோவுக்கு முன்னால் நின்று பாடிப் பதிந்தாள். மழையில் நனைந்த நான் பின்னால் நின்று தும்மினேன். அவள் திருப்பிப் போட்டாள்.

"மாமா, என்ர பாட்டைவிட உங்கட தும்மல்தான் பெரிசாக் கேக்குது."

அப்படியே மணலில் இருந்துவிட்டேன். கொழும்பு பஸ் அந்த நேரம் கொழும்புக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், எடுத்தது. கேட்டுவிட்டு அக்கா நேரே பின்வளவுக்குப் போனாள். மோட்டார் சைக்கிளைக் கழுவி, எண்ணெய் பூசி, படங்கைச் சுற்றி, பழையபடி கயிறு போட்டுக் கட்டினாள். பிறகு என் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, "ரெண்டு வருசமாக் கட்டினபடி கிடக்கெண்டு எழுதினனான். இனி நான் எழுதிற எதை அந்தாள் நம்பும்?" என்றாள். அதுதான் எனக்கு உறைத்தது. அத்தான் என்னைக் காயப்போடுவது என் பாடு. அக்காவின் சொல்லை அவர் நம்பாமல் போனால், அது நான் இரண்டு பொத்தானை அமத்தியதால் வந்தது.

அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தேன். மறு கிழமை இரண்டாக்கினேன். கடிதம் வராத ஒவ்வொரு கிழமையும் ஒன்று கூடியது. இரண்டு மாதத்துக்குப் பிறகு தபால்காரர் வந்தபோது கணக்கு ஒன்பதில் நின்றது.

கடிதம் என் பேருக்கு. அக்கா அடுப்படியை விட்டு வந்து குசினி வாசலில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "வாசி" என்றாள். எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"சகாயா, கசெற் கிடைச்சது. எங்கட அறையில எட்டுப் பேர். எல்லாரையும் கூப்பிட்டு இருத்தி வைச்சுப் போட்டனான். மகள் முதல் வரி பாடினாள், அழுகை வந்திட்டுது. ரெண்டாவது வரி கழுதை பாடிச்சுது. மோட்டச்சைக்கிள் கதை முதலே வந்திட்டுது, மகளுக்காகப் பொறுத்திருந்து, கழுதையோட எழும்பிப் போயிட்டன். அண்டைக்கு நான் சாப்பிடேல்லை. அடுத்த நாள் தனிய இருந்து கடைசிவரைக்கும் கேட்டனான். கடைசியில உன்ர அக்கா றோசலினுக்கு ஒண்டு சொல்லுறாள். 'அதை ஸ்ராட் பண்ணேக்க அவர் வாற மாதிரிக் கிடக்கு அக்கா, அதுக்காகவே சில நாள் சும்மாவும் ஓடிப்போட்டு வாறனான்' எண்டு. அவள் எனக்கு எழுதின கடிதம் எல்லாம் இஞ்ச பெட்டிக்குள்ள கிடக்கு. எல்லாத்திலயும் சுகம், சுகமறிய ஆவல். ஒண்டில கூட இப்பிடி ஒரு வசனம் இல்லை. முன் விளக்கு வாங்கி அனுப்புறன். கிளச்சை ஒரேயடியா விடாமல் ஓடச் சொல்லு. அடுத்த கசெற்றில பாட்டு வேண்டாம். இஞ்ச எல்லாருக்கும் திரேசம்மா மாமி வேணுமாம்."

வாசித்து முடித்தபோது என் நெஞ்சிலிருந்து ஒரு நங்கூரத்தைத் தூக்கிய மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், குசினி வாசலில் அக்கா இல்லை. பின்வளவில் கயிறு அவிழ்க்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு வாசல் படலையைத் தாண்டிப் போனது. பின்னால் நண்டுக்கூடை இல்லை. (ஒன்பது மெழுகுதிரியையும் அன்றைக்கே கொளுத்தினேன். கோயிலில் கண்ட சுவாமி, வீட்டில் யாருக்கும் கடும் வருத்தம் காய்ச்சலோ என்று விசாரித்தார்.)

அடுத்த வருடம் அத்தான் வந்தார். மன்னார் பஸ் நிலையத்துக்கு அக்கா மோட்டார் சைக்கிளில் வந்திருந்தாள், நானும் ஜெசிந்தாவும் பஸ்ஸில் போயிருந்தோம். அத்தான் இறங்கினார், மகளைத் தூக்கினார், அக்காவைப் பார்த்தார். பிறகு குனிந்து முன் விளக்கைத் தொட்டுப் பார்த்தார். திருப்தியாக இருந்திருக்க வேண்டும். திறப்புக்காக (சாவிதான்) அக்காவிடம் கையை நீட்டினார்.

"ஏறுங்கோ" என்றாள் அக்கா.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு பெரிய பையை என் கையில் தந்துவிட்டு, சின்னப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி இருந்தார். தாழ்வுபாட்டுச் சனம் முழுவதும் வேலியோரம் வந்து நின்று பார்த்தது. நானும் ஜெசிந்தாவும் பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் கதை எங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று மோட்டார் சைக்கிள் மாறிவிட்டது. ஓட்டுகிறவர் மாறவில்லை. கலியாணப் பேச்சோ, காணி அலுவலோ, யார் வந்து என்ன கேட்டாலும் அத்தான் என்னைக் காட்டிச் சொல்கிற பதில் ஒன்றுதான்: "என்னைக் கேக்காதேங்கோ, நான் பின்னுக்கு இருக்கிறனான். முறைப்பாடு இருந்தால் இவனிட்டச் சொல்லுங்கோ, இவன்தான் பதிஞ்சவன்."