ஒன்மோர் சொன்ன ஒரே ஓகே

தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை மட்டும் ‘ஓகே’ சொன்ன மனிதன் தருமபுரி மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஒருவன்தான் தேறுவான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஒன்மோர், ஷூட்டிங்கில் ‘இன்னொரு தடவை எடு’ என்பதற்குச் சொல்வார்களே, அது. பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை.

நாங்கள் சினிமாப் படிப்பு படித்த கல்லூரியின் விடுதியில் என் அறைத்தோழன். சட்டையைத் தேய்ப்பான், தூக்கிப் பார்ப்பான், “ஒன்மோர்” என்று மறுபடியும் தேய்ப்பான். தீய்ந்த அடையாளம் இல்லாத சட்டை அவனிடம் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் ஆண்டில் ஒரு பெண்ணிடம் போய்க் காதலைச் சொன்னான். அந்தப் புண்ணியவதி ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து “சரி” என்றாள். வாயை மூடிக்கொண்டு இருந்தானா? “எக்ஸ்பிரஷன் பத்தலைங்க, ஒன்மோர் போலாங்களா?” என்றான். போனவள் போனவள்தான்.

கடைசி ஆண்டில் ஆளுக்கொரு குறும்படம் எடுக்க வேண்டும். நாங்களெல்லாம் காதல் தோல்வி, தாடி, மழை என்று கிளம்பினோம். இவன் தன் சின்ன வயது பிளாஷ்பேக்கை எடுக்கப் போவதாகச் சொன்னான்.

“பிளாஷ்பேக் சரிடா, கதை என்னா?”

“கதையெல்லாம் இல்ல. பிளாஷ்பேக் மட்டுந்தான்.”

அரூர் தாண்டி, சித்தேரி மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது அவன் ஊர். பஸ்ஸில் போகும்போதுதான் காட்சியை விளக்கினான். ஆறு வயதுப் பையன் வாசலில் நிற்கிறான். அப்பா பையோடு பஸ் ஏறப் போகிறார். பையன் “அப்பா” என்று கூப்பிடுகிறான். அவர் திரும்பாமலே ஏறிப் போய்விடுகிறார். அவ்வளவுதான் படம்.

“பெங்களூர்ல வேலைன்னு கிளம்புனாருடா. நான் பின்னால இருந்து கூப்புட்டுட்டேன். அப்புறம் வரவே இல்ல. ஓசூர்ல வேற வூடு, வேற புள்ளைங்க. எங்கம்மா இன்னிய வரைக்கும் சொல்றது ஒண்ணுதான். ‘போறவர பின்னால கூப்புட்டியே, வெளங்குமா?’ம்பாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போனவன் அந்த ஆள், பழி ஆறு வயதுக் குழந்தையின் வாய்க்கு! நம் ஊரில் ஆண்பிள்ளை செய்கிற அயோக்கியத்தனத்துக்கு ஒரு சகுனம் மட்டும் கிடைத்துவிட்டால் போதும், அவன் ஜோராக வாழலாம்.

“அதுக்கு இப்ப படம் எடுத்து என்னத்தடா கண்டுபுடிக்கப் போற?”

“எங்க வாசல்ல இருந்து கத்துனா பஸ் படிக்கட்டுல கேக்குமான்னு பாக்கணும். இன்ஜின் சத்தத்துல கேக்கலைன்னு வையி, அவரு திரும்பாததுக்கு ஒரு நியாயம் இருக்குல்ல?” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “கேக்கக் கூடாதுடா” என்றான்.

அப்பாவாக நடிக்க விடுதி மெஸ் மாஸ்டரைப் பிடித்து வந்திருந்தான். அவர் மீசையும் அப்பாவின் கல்யாண போட்டோவில் இருந்த மீசையும் ஒன்றாம். பையனாக நடிக்க மாஸ்டரின் மகள். மூன்றாவது படிக்கிறாள். நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டு ரெண்டு மாதம் ஆகியிருந்தது, கால்சட்டை மாட்டியதும் பையனாகிவிட்டாள். ஒரு டேக்குக்கு ஒரு போண்டா என்பது அவள் நிபந்தனை.

பஸ் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வரும். இன்ஜினை அணைக்காமல் ஐந்து நிமிடம் நிற்கும். ஆக, ஒரு நாளைக்கு ரெண்டே டேக்.

முதல் டேக். பாப்பா “அப்பா!” என்றாள். படியில் கால் வைத்த மாஸ்டர் சட்டென்று திரும்பி, “என்ன கண்ணு?” என்றார்.

“ஒன்மோர்!”

சாயங்காலமும் திரும்பினார். “மாஸ்டர், திரும்பக் கூடாதுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டனே!”

“தெரியுதுங்க தம்பி. ஆனா புள்ள கூப்புடுதுங்களே!”

மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பாமல் நின்றார். வாய் மட்டும் “இரு சாமி, வந்துர்றேன்” என்றது. மூன்றாம் நாள் அதையும் அடக்கினார். பஸ்ஸுக்குள் சாமை மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் விடவில்லை. “யோவ், காது செவுடா? புள்ள கூப்புடுது பாரு!” மொத்த பஸ்ஸும் சேர்ந்து கத்த, மாஸ்டர் திரும்பிவிட்டார். நான்காம் நாள் கண்டக்டரே கையெடுத்துக் கும்பிட்டார். “இந்தாள ஒருவழியா ஊருக்கு அனுப்பி வுடுங்க. எங்களுக்கே மனசு கேக்கல.”

நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “அவருக்குக் கேக்குதுடா. அதான் திரும்புறாரு.”

“அது அவரு பொண்ணு. கூப்புடும்னு முன்னாடியே தெரியும். செல்லாது.”

ஐந்தாம் நாள் மாஸ்டரின் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்தான். படிக்கட்டில் என்ன கேட்கிறதென்று பிடிக்க அவர் காலரில் சின்ன மைக்கைக் குத்தினான். சவுண்டு என் பொறுப்பு என்பதால் ஹெட்போன் என் காதில். டிரைவர் பாவம் பார்த்து ஆக்சிலேட்டரை வேறு மிதித்துக் கொடுத்தார்.

பாப்பா கூப்பிட்டாள். மாஸ்டர் திரும்பவில்லை. அவள் முகம் மாறியது. இன்னொரு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை குரல் உடைந்துவிட்டது. அது வசனத்தில் இல்லாதது. பஸ் போய்விட்டது. அவள் மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

ஒன்மோரின் அம்மா அந்த ஐந்து நாளும் எங்களுக்குச் சோறு போட்டாரே தவிர, பஸ் வரும் நேரத்தில் மாட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வந்ததில்லை. அன்றைக்கு ஓடி வந்து பாப்பாவை வாரித் தூக்கிக்கொண்டார்.

“அழுவாத சாமி. நீ என்ன பண்ணுவ? பெத்த புள்ள கூப்புட்டும் திரும்பாதவன் மனுசனா?”

சொல்லி முடித்த பிறகுதான் கேமரா பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதினாறு வருடம் காத்திருந்தவன் அவன். அது அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு பாப்பாவோடு உள்ளே போய்விட்டார்.

அவன் என்னிடம் வந்தான். “கேட்டுச்சா?”

“இல்லடா. வெறும் இன்ஜின் சத்தந்தான்.”

எனக்குப் பொய் சொல்ல வராது. ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தான். மூன்று ‘அப்பா’வும் உள்ளே தெளிவாக இருப்பது எனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் கேட்டான். ஹெட்போனை என் கையில் கொடுத்தான்.

“ஓகே. பேக்கப்” என்றான்.

அந்த ‘ஒன்மோர்’ என்ற வார்த்தைக்காக நான் ஏங்கியது அன்றைக்கு ஒரு நாள்தான்.

மாஸ்டரை எல்லோரும் மறந்துவிட்டோம். பஞ்சடைத்த காதோடு அடுத்த நிறுத்தம் வரைக்கும் போய் இறங்கி, வெயிலில் நடந்தே திரும்பி வந்தார். “தம்பி, இந்தவாட்டி கரெக்ட்டா பண்ணிட்டனுங்களா?” என்று பூரிப்போடு கேட்டார். அவர் மகள் ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை.

படத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். “ரியாலிட்டி இல்லையேப்பா. எவ்வளவு கல்நெஞ்சக்காரனா இருந்தாலும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பானே!” என்று மார்க்கை வெட்டினார்.

“நானும் அப்பிடித்தான் சார் நெனச்சேன்” என்றான் ஒன்மோர்.

படிப்பு முடிந்தது. பெங்களூரில் எடிட்டிங் வேலை கிடைத்து, தருமபுரி பஸ் நிலையத்தில் அவனை வழியனுப்பப் போனேன். பையைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தான். கூப்பிடக் கூடாது, கூப்பிடக் கூடாது என்றுதான் நின்றேன். நாக்கு கேட்கவில்லை.

“டேய், ஒன்மோரு!”

சுற்றிலும் நாலைந்து பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அவன் திரும்பினான். பையோடு இறங்கியே வந்துவிட்டான்.

“எதுக்குடா கூப்புட்ட?”

“சும்மாதான். திரும்புறியான்னு பார்த்தேன்.”

சிரித்தான். கண்ணைத் துடைத்தான். மறுபடி போய்ப் படியில் ஏறி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“ஒன்மோர்” என்றான்.

கூப்பிட்டேன்.