ஊறாத மணிகள்

கண்ணாடிக் குடுவைக்குள் மணிகள் ஊறவே இல்லை.

ஜான்சி குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ரவையைவிடப் பொடியான பிளாஸ்டிக் மணிகள், போட்டது போட்டபடி அடியில் கிடந்தன.

குடிகாட்டுத் தொழிற்பேட்டையில் அவள் வேலை பார்த்த கம்பெனி, மருந்துக்கான பெப்டைடுகளைத் தயாரித்தது. மணிகள் ஜவ்வரிசி மாதிரி ஊறி உப்பினால்தான் அவற்றின்மேல் அமினோ அமிலங்களைப் பூத்தொடுப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கோக்க முடியும். அதற்கு டி.எம்.எஃப். என்ற கரைப்பானை டிரம் டிரம்மாக ஊற்றுவார்கள். அதில் மணிகள் அருமையாக ஊறும். ஆனால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று டிரம்மிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

ரியாக்டரில் வேலை செய்யும் பவானி போன தையில் அதைப் படித்துவிட்டாள்.

"அக்கா, எனக்கு நாள் தள்ளிப் போயிருக்குது. இதுங்கிட்ட நிக்கலாமா?"

"வேணாம். நாளையிலேர்ந்து நீ பேக்கிங்குக்குப் போயிடு."

"நான் போயிடுறேன். என் எடத்துக்கு வர்றவ?"

அன்று மாலை சிதம்பரத்துக்கு ரயிலில் திரும்பும்போது ஜான்சி முடிவெடுத்துவிட்டாள். டி.எம்.எஃப்பை ஒழிக்காமல் விடுவதில்லை.

மேனேஜர் ராஜமாணிக்கம் மூன்று மாதம் கெடு கொடுத்தார். "அதுக்குள்ள முடியலன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும், சரியாம்மா?"

"முடியும் சார்."

பழ வாசம் அடிக்கும் எத்தில் அசிடேட் என்ற மாற்றுக் கரைப்பானில் தனியே ஊறாத மணிகள், அதோடு சல்ஃபாக்சைடு என்ற திரவத்தைச் சரிபாதி சேர்த்ததும் உப்பிக்கொண்டு எழுந்தன. சந்தோஷம் தாங்காமல் பெரிய ரியாக்டருக்கும் சேர்த்துப் பதினைந்து டிரம் கலக்கவைத்து ஸ்டோருக்கு அனுப்பிவிட்டாள். விஷயம் தெரிந்ததும் ராஜமாணிக்கம் கூப்பிட்டார்.

"மொதல்ல குடுவையில ஜெயிச்சுக் காட்டு. அதுவரைக்கும் என் ரியாக்டர்ல டி.எம்.எஃப்.தான். அதே பெப்டைட நானும் பண்றேன். எது சுத்தமா வருதுன்னு பாத்துடலாம்."

மறுவாரம் குடிகாட்டிலிருந்து கொளஞ்சியம்மாள் நாலு பெண்களோடு கேட்டுக்கு வந்து நின்றாள்.

"என்னாம்மா பண்றீங்க உள்ள? காடாம்புலியூர்ல பலாப்பழத்த அடுக்கி வச்ச மாதிரி வாசம் வருது."

"அது ஒண்ணும் பண்ணாதும்மா. முன்ன இருந்ததவிட எவ்வளவோ தேவலாம்."

"நாத்தம்னா எங்களுக்குப் பழகிப்போச்சு. மணந்தாத்தான் பயமா இருக்குது."

ஜான்சி தன் அறையின் ஜன்னல்களை எல்லாம் சாத்தினாள். கரைப்பான் ஆவியாகாமல் இருக்க ஏ.சி.யைப் பதினாறில் வைத்தாள். காலையில் வந்து பார்த்தால், சல்ஃபாக்சைடு கேன் மார்கழித் தேங்காயெண்ணெய்போல் உறைந்து கல்லாகியிருந்தது.

கேனை வெந்நீர்த் தொட்டியில் இறக்கி உருக்கினாள். சுடச்சுடக் கலந்ததில் எத்தில் அசிடேட் பாதி பறந்துவிட்டது. மிச்சமிருந்த கலவை கஞ்சியாகி வடிகட்டியை அடைத்தது. அடைப்பை எடுக்கப்போய் அரைநாள் வேலை தரையில் கொட்டியது.

கொளஞ்சியம்மாள் மறுபடி வந்தாள். இந்தமுறை பின்னால் பத்துப் பெண்கள்.

"இன்னிக்கு இன்னும் ஜாஸ்தி. துணி காயப்போட்டா துணியெல்லாம் பலாப்பழ வாசம்."

ஜான்சி ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினாள். புகைபோக்கிக்குக் கரி வடிகட்டி மாட்டினாள். இரண்டு நாள் குடுவையையே திறக்காமல் மூடிவைத்தாள். மூன்றாம் நாள் கொளஞ்சியம்மாள் பேரனையும் அழைத்துவந்து அவன் சட்டையை மோந்து பார்க்கச் சொன்னாள். ஜான்சி மோந்தாள். பலாப்பழம்தான்.

"மேடம், உங்க மேலயே ஏறிப்போச்சோ என்னமோ. வீட்டுக்குப் போய் நல்லா குளிங்க," என்றார் வாட்ச்மேன்.

அவள் குளித்தாள். அடுத்த நாள் காலை முதல் ஆளாக வந்து மறுபடியும் மணிகளை ஊறப்போட்டாள்.

கெடு முடிந்தபோது இரண்டு சீசாக்கள் தயாராக இருந்தன. ஒன்று அவள் குடுவையிலிருந்து, மற்றது ராஜமாணிக்கத்தின் ரியாக்டரிலிருந்து. சிதம்பரத்தில் தெரிந்த ஆய்வுக்கூடத்துக்கு இரண்டையும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். திங்கட்கிழமை முடிவு வந்தது. அவளுடையது அறுபத்தொரு சதவீதம் சுத்தம். அவருடையது தொண்ணூற்றெட்டு.

ராஜமாணிக்கம் எல்லோரையும் கூட்டினார். பேக்கிங்கிலிருந்து பவானியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்தாள்.

"யாரையும் கொற சொல்லல. பொண்ணு நல்லா ஒழைச்சுது. ஆனா முப்பது வருஷமா ஓடுறது சும்மா ஓடல பாருங்க. தொண்ணூத்தெட்டு. நம்ம ரியாக்டர்ல இதுவரைக்கும் இப்படி வந்ததே இல்ல."

"சார், இன்னும் ஒரு மாசம் குடுங்க. ஏ.சி. இல்லாத எடத்துல பண்ணிப் பாக்குறேன்," என்றாள் ஜான்சி.

"பேசினது பேசினதுதாம்மா."

"அப்ப என் லீவுல பண்றேன். சாமான் மட்டும் குடுங்க. பவானி பெத்துட்டு வேலைக்குத் திரும்பறப்ப அந்த டிரம்ம அவ தொடக் கூடாது சார்."

ராஜமாணிக்கம் பெருமூச்சு விட்டார். வாசல் பக்கம் நின்றிருந்த ஸ்டோர்கீப்பர் காத்தவராயனைப் பார்த்தார்.

"காத்தவராயா, அவங்க கலந்த பதினஞ்சு டிரம்மையும் திருப்பி அனுப்பிடு. அடுத்த பேட்சுக்கு டி.எம்.எஃப். எடுத்து வை."

காத்தவராயன் தலையைச் சொறிந்தார்.

"டி.எம்.எஃப். தீந்து ஒண்ணர மாசம் ஆவுது சார். மேடம் டிரம்முல 'டி.எம்.எஃப்புக்குப் பதில்'னு எழுதி ஒட்டியிருந்தாங்க, நீங்க ரியாக்டருக்குக் கேக்கறப்பல்லாம் அதத்தான் பதிலா குடுத்துனு இருந்தேன். பதினஞ்சும் காலி."