பதினோரு மயக்கமும் ஒரு தீவிர ரசிகையும்

இனிமேல் வாசகர் கருத்தைப் படிப்பதே இல்லை என்று ஓவியர் சபதம் எடுத்து எட்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஆறாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

பத்து வருடமாகத் தனித்தனிப் புத்தகங்களில் பறந்துகொண்டிருந்த புயல்வீரனையும் நிழலரசியையும் ஒரே காமிக்ஸில் சேர்த்து வைத்தவர் அவர்தான். கதையும் அவரே, படமும் அவரே. முதல் பாகம் வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ரசிகர்கள் பிரித்து மேய்ந்துவிட்டார்கள்.

'இரண்டு பேர் சேர்ந்து சண்டை போடுவார்கள் என்று நம்பி வாங்கினேன். ஒருத்தன் போடுகிறான். இன்னொருத்தி மயங்குகிறாள்.'

'எண்ணிப் பார்த்தேன், பதினோரு இடத்தில் மயக்கம். நிழலரசி முதலில் நல்ல டாக்டரைப் பார்க்கட்டும்.'

'புயல்வீரன் வசனம் பேசி முடிப்பதற்குள் வில்லன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டே வந்துவிடலாம்.'

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பதிப்பக ஆசிரியர் அனுப்பிய ஒற்றை வரிதான் பொறுக்கவில்லை. 'ரசிகர்கள் சொல்வதைப் பார்த்துவிட்டு, இரண்டாம் பாகத்தை யார் எழுதுவது என்று ஐந்து மணிக்கு முடிவு செய்கிறேன்.' யார் எழுதுவதாம்! தான் பெற்று வளர்த்த புயல்வீரனை இன்னொருவன் பேச வைப்பதா?

மணி மூன்றே கால். மனைவி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் சார்ஜில் கிடந்தது.

பதிப்பகத்தின் பக்கத்தில் கருத்து எழுத போன் நம்பர் கொடுக்க வேண்டும். ஓவியரின் நம்பர் அங்கே வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் மனைவியின் போனை எடுத்து அவள் நம்பரைப் போட்டார். பெயர், 'தீவிர ரசிகை'.

முதலில் புகழ்ந்தார். கூச்சமே படாமல் இரண்டு பத்தி. படித்துப் பார்த்தபோது அவருக்கே திகட்டியது. நம்புகிற மாதிரி இருக்க வேண்டுமானால் நாலு குறையும் சேர்க்க வேண்டும். ஆனால் தன்னிடம் குறை தேடி அவருக்குப் பழக்கமில்லை. அந்த வேலையை வீட்டில் வேறொருவர் பார்த்துவந்தார். மனைவி அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். படம் வரையும்போதே ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக் குறை சொன்னாள். "உனக்கு ஊசி போடத் தெரியும், கதையை என்கிட்ட விட்டுடு" என்று அப்போது சிரித்த ஓவியர், இப்போது அவள் சொன்னதை வரி மாறாமல் இறக்கினார்.

'மயங்கியவளை இப்படித் தோளில் தொங்கப்போட்டுப் பறந்தால் கழுத்து என்னத்துக்கு ஆகும்? ஒரு தடவையாவது அவள் அவனைத் தூக்கிக்கொண்டு பறக்கட்டுமே!'

நாலே முக்காலுக்குள் எழுநூறு பேர் ஆமோதித்துவிட்டார்கள். புகழ்ச்சியை ஒருவரும் சீண்டவில்லை. குறைகளைத்தான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அழித்துத் தொலைக்கலாம் என்று ஓவியர் போன் பக்கம் கையை நீட்டினார். பின்னாலேயே மனைவியின் குரல்.

"என் போனை எதுக்கு இப்படி முறைக்கிறீங்க?"

"சார்ஜ் ஏறிடுச்சான்னு பார்த்தேன்."

"என்ன திடீர் அக்கறை?"

"ஏன், இருக்கக்கூடாதா?"

"கல்யாணமாகி இத்தனை வருஷமா இல்லையே, அதான் கேட்டேன். நெத்தி ஏன் இப்படி வேர்க்குது? உக்காருங்க, பிரஷர் பார்க்கறேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல! போனை மட்டும் ரெண்டு நிமிஷம் குடு."

கொடுப்பதற்குள் அது அடித்தது. திரையில் ஆசிரியரின் நம்பர். மணி ஐந்துக்குப் பத்து நிமிடம்.

"எடுக்காத! ராங் நம்பர்!"

"எடுக்காமலே எப்படிங்க தெரியும்?" என்று எடுத்துவிட்டாள். "ஹலோ... ஆமாங்க, என் நம்பர்தான்... ரசிகையா? என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் படிங்க, கேக்கறேன்."

கேட்கக் கேட்க அவள் பார்வை மெல்லத் திரும்பி ஓவியர் மேல் வந்து நின்றது. ஓவியர் இரண்டு கையையும் கூப்பினார். இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்து வருட மானம் கப்பலேறிவிடும்.

"ஆமா சார்," என்றாள் நிதானமாக. "குறையெல்லாம் நான் சொன்னதுதான்."

ஓவியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெண்டாட்டி என்றால் இவளல்லவா பெண்டாட்டி! கண்கூடக் கலங்கிவிட்டது.

அவள் பேச்சை நிறுத்துவதாக இல்லை. "இன்னும் நிறைய இருக்கு சார்... முழுக்கதையாவே சொல்லலாம்... நாளைக்கு மத்தியானம்தான் டூட்டி, காலைல வர்றேன்... படம் போட்டவரைத் தெரியுமாவா? எங்க வீட்டுக்காரர்தான் சார். அதுக்காகக் குறையைச் சொல்லாம இருக்க முடியுமா?... சரி சார், அதை நான் பார்த்துக்கறேன்."

போனை வைத்தாள்.

"எதை நீ பார்த்துக்கற?"

"ரெண்டாம் பாகத்தை என்னை எழுதச் சொல்லிட்டாரு."

"உன்னையா! அந்தக் கருத்தை எழுதினது நான்னு இப்பவே போன் போட்டுச் சொல்றேன் பாரு!"

"தாராளமா சொல்லுங்க. உங்க புஸ்தகத்துக்கு நீங்களே ரசிகை வேஷம் கட்டினதையும் மறக்காமச் சொல்லுங்க."

ஓவியர் எடுத்த போனை வைத்துவிட்டார். இறங்கிய குரலில் கேட்டார்.

"அப்ப படம்?"

"நீங்களேதான். அவர் கொஞ்சம் தயங்கினாரு. சொன்னபடி கேட்டு வரைவார், நான் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன். என் பேரைக் கெடுத்துடாதீங்க."