ஒரே ஒரு கையெழுத்து பாக்கி

செவ்வாய்க்கிழமை காலை ரேடியோவில் அந்தச் செய்தியைக் கேட்டதும் காஸ் என்கிற காஸிமிர் நோவிக்கி ஒரு முடிவுக்கு வந்தார். இனி இந்த ஜென்மத்தில் பேஸ்பால் பார்ப்பதில்லை. இவ்வளவு பெரிய முடிவை மனைவியிடம் அறிவிக்காமல் இருக்க முடியுமா? எழுந்து சமையலறைக்கு நடந்தார். நடந்தார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்து நாலு வருஷமாகிறது. நாற்காலியைப் பிடித்து, கதவைப் பிடித்து, ஃபிரிட்ஜைப் பிடித்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார்.

"டெல் மக்ரோரியை விக்கப் போறாங்க."

"யாருக்கு?" என்றாள் பெர்னடெட். அவள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கலிஃபோர்னியாக்காரனுக்கு. பதிலுக்கு மீசை முளைக்காத, பந்து வீசுற ரெண்டு பிட்சர் பசங்களை வாங்கிப் போடுறாங்களாம். ஆளை மாத்திக்கிறதுக்கு வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிதான் கெடு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். இனிமே இந்த வீட்டில பேஸ்பால் கிடையாது."

"நல்லது" என்றாள் பெர்னடெட். "அப்ப சாயந்திரம் அந்தக் கூடத்து டி.வி.யில நான் சமையல் நிகழ்ச்சி பார்க்கிறேன்."

அன்று மாலை ஆட்டம் ஆரம்பிப்பதற்கு அரைமணி முன்பே காஸ் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார். போகப் போகிறவனைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக்கூடாதா என்ன?

பஃபலோ ஊரில் மக்ரோரி என்றால் சும்மா இல்லை. முப்பத்தொன்பது வயசில், தினமும் மூன்று மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பந்து பிடிக்கிற கேட்சர். இந்த ஊரில்தான் ஆட ஆரம்பித்தான். நடுவில் இரண்டு வருஷம் சிகாகோ ஆசை காட்டி இழுத்துக்கொண்டது. திரும்பி வந்தவன் வந்த மாதமே முழங்காலைக் கிழித்துக்கொண்டு வருஷம் முழுக்கப் படுத்துவிட்டான். அடுத்த வருஷம் எழுந்து வந்து அடித்தான் பாருங்கள், ஊரே அவன் காலில் விழுந்தது. அப்படிப்பட்டவனைப் போய் விற்பதா?

தெருவே இரண்டாகிவிட்டது. பக்கத்து வீட்டு வின்ஸ் டிபாஸ்குவாலே படுக்கை விரிப்பு ஒன்றில் 'போகாதே டெல்' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதி வாசல் கைப்பிடியில் கட்டினார். நல்ல விரிப்பு. அவர் மனைவி இன்னும் பார்க்கவில்லை. தபால்காரரோ, வயசான குதிரையை விலை போகும்போதே தள்ளிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று சொல்லிவிட்டார். வாய்ச்சண்டை முற்றி, வின்ஸ் வீட்டுக்கு இரண்டு நாளாகத் தபால் வரவில்லை. பேக்கரிக்காரி மக்ரோரியின் நம்பர் போட்ட கேக் விற்பதை நிறுத்திவிட்டு, வாங்க வந்தவர்களோடு சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிவெட்டுகிற கடையில் அவன் படத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒரு மெழுகுவர்த்தியே ஏற்றி வைத்திருந்தார்கள்.

காஸுக்கும் துக்கம்தான். நிஜமான துக்கம். மக்ரோரி அடிபட்ட அந்த வருஷத்தில் இருந்தே அவனைத் தன் தம்பி மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் புதன்கிழமை மத்தியானம் அந்தத் துக்கத்துக்கு நடுவில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது.

அதற்கு முழங்கால் விவகாரத்தைச் சொல்ல வேண்டும். மூட்டை மாற்றியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லி நாலு வருஷமாகிறது. பெர்னடெட்டும் சொல்லாத நாளில்லை. வசந்தத்தில் கேட்டால், சீசன் ஆரம்பிக்கிற நேரத்திலா என்பார். கோடையில் கேட்டால், சீசன் நடுவிலா என்பார். இலையுதிர் காலத்தில், நம்ம டீம் ஒருவேளை ஃபைனலுக்குப் போய்விட்டால் என்பார். நாற்பது வருஷமாகப் போகாத டீம் அது. குளிர்காலத்தில் கேட்டால் ஜன்னலைக் காட்டுவார். இடுப்பளவு பனியில் ஊன்றுகோலோடு எவன் நடப்பான்? உண்மையான காரணம் பயம். கத்தி என்ற சொல்லைக் கேட்டாலே மனிதர் பேச்சை மாற்றிவிடுவார். அதை வெளியே சொல்ல முடியுமா? இதற்கிடையில் பெர்னடெட் ஏரிக்கரையில் தினமும் தனியாக நடந்துவிட்டு வந்தாள்.

ரேடியோக்காரன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்: எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது, ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அப்படியானால் மக்ரோரி போவது உறுதி. உறுதியான ஒரு விஷயத்தின் மேல் பந்தயம் கட்டினால் என்ன? போகிறவன் எப்படியும் போகிறான். போகிற போக்கில் நம் முழங்காலையாவது காப்பாற்றிவிட்டுப் போகட்டுமே.

பெர்னடெட் பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்து வந்து பின்னல் ஊசியோடு உட்கார்ந்த நேரமாகப் பார்த்து, காஸ் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பெர்னி, நான் ஒரு வேண்டுதல் வச்சுக்கலாம்னு இருக்கேன். டெல் மட்டும் இந்த ஊரிலேயே இருந்துட்டான்னா, நான் மூட்டை மாத்திக்கிறேன்."

ஊசி நின்றது. "நிஜமாவா?"

"ஒரு ரசிகன் சொன்னா சொன்னதுதான். ஆனா அவன் போயிட்டான்னா, நீ இனிமே ஜென்மத்துக்கும் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

பெர்னடெட் மறுபடி பின்ன ஆரம்பித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஏன் காஸ், லீகில பத்து வருஷம் ஆடி, கடைசி அஞ்சு வருஷம் ஒரே டீமில இருந்தவனை அவன் சம்மதம் இல்லாம அனுப்ப முடியாதாமே?"

காஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆட்டம் நடக்கும்போதெல்லாம் தலை நிமிராமல் பின்னிக்கொண்டிருப்பவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஆனால் சமாளித்துக்கொண்டார். இந்தச் சட்டத்தை அவர் யோசிக்காமலா இருப்பார்? சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி விரல் விட்டு எண்ணிக் காட்டினார். திரும்பி வந்த பிறகு மக்ரோரி முழுசாக ஆடியது நாலே நாலு சீசன். இது ஐந்தாவது. அது முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதனால்தான் இந்தத் திருட்டுப்பயல்கள் இப்போதே விற்கிறார்கள்.

"அப்ப கால் கிழிஞ்சு படுத்திருந்தானே, அந்த வருஷம்?"

"அதெல்லாம் ஒரு வருஷமா? ஒரு பந்து பிடிக்கலை, ஒரு பந்து அடிக்கலை. எந்த ரசிகனும் அதைக் கணக்கில சேர்க்க மாட்டான்."

"ஓ, அப்படியா" என்றாள் பெர்னடெட்.

முப்பத்துநாலு வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படிச் சொன்னபோதெல்லாம் என்ன நடந்தது என்று காஸ் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. எழுதிக் கொடு என்றாள், எழுதிக் கொடுத்தார். சாட்சி வேண்டும் என்றாள்; ஜன்னல் வழியாக வின்ஸைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். வின்ஸ் படித்துப் பார்த்துவிட்டுக் கண் கலங்கி, இவரல்லவா ரசிகன் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காஸுக்குச் சோறு இறங்கவில்லை. மக்ரோரியை விற்றது அணி முதலாளியா, தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. சுவரில் இருந்த அவன் படத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. ஒரு முழங்காலுக்காகத் தம்பியைக் காட்டிக் கொடுத்த பாவியாகிவிட்டேனே என்று சாயந்திரம் மாதா கோயிலுக்குப் போனார். டெல்லை இந்த ஊரிலேயே வைத்துக்கொள் தாயே என்று மனமுருக வேண்டினார். எழுந்திருக்கும்போது முழங்கால் சுரீரென்றது. ஆபரேஷன் மேஜை கண்முன் வந்து நின்றது. உனக்கு ரொம்ப சிரமமாக இருந்தால் வேண்டாம் தாயே என்று சேர்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை தெருவே முனையில் இருக்கும் உணவு விடுதியில் கூடியிருந்தது. எல்லா வெள்ளியும் அங்கே பொரித்த மீன்தான். ஆனால் அன்றைக்கு யாரும் மீனைத் தொடவில்லை. ரேடியோவை உயரமாக ஒரு அலமாரியில் வைத்திருந்தார்கள். வின்ஸ் ஒரு மூலையில், தபால்காரர் எதிர்மூலையில். காஸ் நடுவில், இரண்டு பக்கமும் வேர்த்துக்கொண்டு. பெர்னடெட் மட்டும் நிதானமாக மீன் மேல் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள்.

ஆறு மணிக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது ரேடியோக்காரன் தொண்டையைச் செருமினான். பாக்கியிருந்த அந்தக் கையெழுத்து மக்ரோரியுடையதாம். அவன் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். 'என் கால் போனபோது என்னை உட்கார வச்சுச் சோறு போட்ட ஊரு இது. எழுந்து நடக்கிற வரைக்கும் காத்திருந்தாங்க. நான் எங்கயும் போகலை' என்று அவன் குரலே வந்தது.

அப்புறம் அந்த விடுதியில் ஒருவர் பேசியது ஒருவருக்குக் கேட்கவில்லை. வின்ஸும் தபால்காரரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இரண்டு நாள் தபாலையும் அங்கேயே பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார் மனிதர். பேக்கரிக்காரி மேஜை மேல் ஏறி நின்று அழுதாள். காஸும் அழுதார். வலியை மறந்து எழுந்து நின்று, முகம் தெரியாத மூன்று பேருக்கு முத்தம் கொடுத்தார். இருக்கிறான், நம் டெல் இங்கேயே இருக்கிறான் என்று மனசு நிறைந்து போனது. முழுசாக நாலு நிமிஷம் அந்தச் சந்தோஷத்தில் ஒரு குறையும் இல்லை.

ஐந்தாவது நிமிஷம் அவர் பார்வை மனைவி மேல் விழுந்தது. மெல்ல உட்கார்ந்தார்.

"அஞ்சு வருஷம் இன்னும் முடியலையே, பெர்னி."

"முடிஞ்சிடுச்சு. படுத்திருந்தாலும் அவன் பேரு டீம் பட்டியலில இருந்துச்சு இல்ல? அதுவும் ஒரு வருஷம்தான். ரசிகனுக்குத்தான் அது கணக்கில்லை, சட்டத்துக்குக் கணக்கு."

"உனக்கு யாரு சொன்னா?"

"முப்பத்துநாலு வருஷமா உன் ரேடியோ என் காதுக்குள்ள கத்துது. பின்னுறது கையாலதான், காதால இல்லை."

"இருந்தாலும் அவன் சம்மதிச்சிருந்தா? அதை நம்பியா பந்தயம் கட்டினே?"

பெர்னடெட் வாயைத் துடைத்துக்கொண்டாள். "திங்கட்கிழமை மக்ரோரியோட சம்சாரம் ஆபீஸுக்கு வந்தா. செப்டம்பர்ல கடைக்குட்டியை ஒண்ணாங்கிளாஸில சேர்க்கணுமாம். பஸ் எந்த முனையில நிக்கும்னு கேட்டா. கலிஃபோர்னியாவுக்குப் போறவ அதை ஏன் கேட்கப்போறா?"

காஸ் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "திங்கட்கிழமையே தெரியுமா? நாலு நாளா நான் துடிச்சுக்கிட்டு இருக்கேன், ஒரு வார்த்தை சொல்லலையே."

"ஆபீஸ் விஷயத்தை நான் என்னிக்கு வீட்டில பேசியிருக்கேன்?"

அது வாஸ்தவம்தான். காஸ் ஒரு மீன் துண்டை எடுத்தார், வைத்தார். பிறகு அவருக்கு ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. சரி, மாற்றிக்கொள்கிறேன், ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்கவே ஆறு மாசம் ஆகும் என்றார். அதற்குள் பனி கொட்ட ஆரம்பித்துவிடும், அப்புறம் வசந்தத்தில் யோசிக்கலாம் என்று குரலை வருத்தமாக வைத்துக்கொண்டார்.

"வர்ற செவ்வாய், காலைல ஏழு மணி" என்றாள் பெர்னடெட். "அன்னிக்கு ஆட்டம் கிடையாது, பார்த்துட்டேன். மறுநாள் ஆட்டத்துக்கு ரூமில டி.வி. இருக்கு, அதையும் கேட்டுட்டேன்."

"இவ்வளவு சீக்கிரம் எப்படித் தேதி குடுத்தான்?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கூச்சலுக்கு நடுவில் அவள் குரல் தாழ்ந்துவிட்டது. "மூணு வருஷமா ஏரிக்கரையில நான் தனியா நடக்கிறேன், காஸ். எனக்குப் பிடிக்கலை."

காஸுக்கு, இவளுக்காக ஒரு கத்தியைத் தாங்கமாட்டோமா என்று தோன்றியது. கால் கிழிந்த பிறகு டெல் எழுந்து நடக்கவில்லையா? அறுபத்துமூன்றில் தான் நடந்தால் என்ன? கரை முழுக்க, கலங்கரை விளக்கம் வரைக்கும் நடக்கலாம். போன பயம் போகட்டும் என்று அவர் அவள் கையை இறுக்கிப் பிடித்தார். எல்லாம் நல்லதுக்குத்தான் என்றே பட்டது. ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது.

"ஆனா பெர்னி, ஒருவேளை டெல் போயிருந்தான்னா நீ என்ன பண்ணியிருப்பே? எழுதிக் குடுத்தாச்சே."

"அந்தத் தேதியை நான் மே மாசமே வாங்கிட்டேன்" என்றாள் பெர்னடெட். "அவன் போயிருந்தாலும் அதே செவ்வாய்தான். அழுதுக்கிட்டே வந்திருப்பே, இப்ப சிரிச்சுக்கிட்டே வரப்போறே."